புதுச்சேரி சாலையில் வந்த புயல்

வங்கக் கடலில் ஒரு சுழல் கிளம்பினால் பெங்களூரில் சிலருக்கு உறக்கம் போய்விடும். கடலே இல்லாத ஊரில் கடலைக் கண்காணிக்கும் இவர்கள் 2024 நவம்பரில் எதிர்பார்த்தது ஒன்று, கற்றுக்கொண்டது வேறொன்று.

2024 நவம்பர் 25, திங்கட்கிழமை. பெங்களூர் பசவனகுடியில் கடலேகாய் பரிஷெ. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்களன்று புல் டெம்பிள் ரோட்டின் இரண்டு பக்கமும் நிலக்கடலை மலைபோலக் குவியும். பச்சைக் கடலை, வறுத்த கடலை, அவித்த கடலை. நடுநடுவே பொரி, பலூன், ராட்டினம். கோலார், சிந்தாமணி, மாகடி பக்கத்து விவசாயிகளோடு தமிழக எல்லையிலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும். முதல் விளைச்சலை நந்திக்குப் படைத்துவிட்டு மிச்சத்தை நகரத்துக்கு விற்கும் பழைய திருவிழா இது. கூரை இல்லாத சந்தை என்பதால் கடலை அளந்து போடுபவர்களுக்கு ஒரு கண் படியின் மேல், இன்னொரு கண் வானத்தின் மேல்.

அதே நாளில் வங்கக் கடலின் தென்கிழக்கு மூலையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகியிருந்தது. பரிஷெவுக்கு வந்த பெருங்கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அது செய்தித்தாளின் ஐந்தாம் பக்கத்து விஷயம். நகரத்தில் சிதறிக் கிடக்கும் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் அதுதான் அந்த வாரத்தின் முதல் செய்தி. வானிலை ஆர்வலர்கள் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இவர்களுக்கு நவம்பரும் டிசம்பரும்தான் திருவிழாக் காலம்.

பெங்களூரிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தூரத்தில். இருந்தாலும் இந்த இரண்டு மாதங்களில் இவர்கள் கரையோர மீனவர்களைப் போலத்தான் பேசுகிறார்கள். அந்தமானுக்குத் தெற்கே மேகம் திரள்கிறதா, இலங்கைக்குக் கிழக்கே காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, கடல் மேற்பரப்பில் சூடு எவ்வளவு என்பதெல்லாம் காலைக் காப்பியோடு வரும் பேச்சு. இவர்களில் கம்ப்யூட்டர் என்ஜினியர்கள் உண்டு; வங்கி அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உண்டு. வானிலையியல் படித்தவர்கள் மிகச் சிலரே. மொட்டை மாடியில் ஒரு மழைமானி, தினமும் காலை எட்டரை மணிக்கு அதிலுள்ள நீரை அளந்து எழுதும் நோட்டுப் புத்தகம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை எட்டரைக்குத்தான் தொடங்கி முடிகிறது என்பதால் இவர்கள் வீட்டிலும் நாள் அப்போதுதான் பிறக்கிறது.

எட்டரை கடந்ததும் அடுத்த காத்திருப்பு. அதிகாலை ஐந்தரை மணி நிலவரத்தை அடிப்படையாக வைத்து அமெரிக்கக் கம்ப்யூட்டர் மாதிரி போடும் கணக்கு காலை பத்து மணிவாக்கில் வெளியாகிறது. இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கு நண்பகல் வாக்கில் வரும். இந்திய வானிலைத் துறையின் அறிக்கை தனி. மூன்றும் ஒன்றுபோலச் சொன்னால் கொண்டாட்டம். ஒன்று சென்னை என்றும் இன்னொன்று நாகப்பட்டினம் என்றும் சொன்னால் அன்று முழுக்க விவாதம்.

உலகின் வேறு மூலைகளிலும் இதே மாதங்களில் இதே காட்சிதான். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் பனிப்புயல் பைத்தியங்கள் இதே வரைபடங்களைத்தான் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எத்தனை அங்குலப் பனி என்பது கேள்வி, இவர்களுக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது. பெங்களூருக்குப் பனி விழுந்த சரித்திரம் கிடையாது. கோடையிடியோடு எப்போதாவது கொட்டும் ஆலங்கட்டிதான் இந்த நகரம் வானத்திலிருந்து கண்ட ஒரே பனிக்கட்டி. நகரின் மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவானது 1884 ஜனவரி 13 அன்று. நூற்று நாற்பது ஆண்டுகளாக அந்த எண்ணை எந்தக் குளிர்காலமும் முறியடிக்கவில்லை.

இப்படிப்பட்ட எண்கள்தான் ஆர்வலர்களின் புராணம். ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை 178.9 மில்லிமீட்டர், 1997 அக்டோபர் 1. அதற்கு அடுத்தது 1988 செப்டம்பரில் பெய்த 177.6. ஜூன் மாத ஒருநாள் சாதனை 1891-இலிருந்து 101.6 மில்லிமீட்டராக இருந்தது. 2024 ஜூன் 2-ஆம் தேதி மாலையில் 111.1 மில்லிமீட்டர் பெய்து அதை அழித்தது. 2017-ஆம் ஆண்டின் மொத்த மழையை யாராலும் மிஞ்ச முடியாது என்றிருந்தார்கள். 2022 அதை அக்டோபரிலேயே தாண்டிவிட்டது. கிரிக்கெட் ரசிகர்கள் சதங்களை ஒப்பிப்பதுபோல இந்த எண்களை இவர்கள் ஒப்பிப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஆர்வத்துக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. சென்னை வானிலை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வுபெற்ற எஸ்.ஆர். ரமணன் டி.வி.யில் தோன்றினாலே நாளைக்குப் பள்ளி விடுமுறை என்று குழந்தைகள் குதித்த காலம் ஒன்று இருந்தது. 1996 ஜூனில் சென்னையை மூழ்கடித்த மழையைப் பார்த்து வானிலைப் பித்துக்கொண்ட பிரதீப் ஜான், 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் 2015 வெள்ளத்தின்போது வீட்டுக்கு வீடு அறிமுகமானார். பெங்களூர்த் தமிழர்கள் இரண்டு மாநில வானத்தையும் ஒருசேரப் பார்ப்பவர்கள். இருப்பது அல்சூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ. அப்பா அம்மா இருப்பது திருவண்ணாமலையிலோ தர்மபுரியிலோ. புயல் இங்கே வராவிட்டால் அங்கே போகும் என்பது இவர்களுக்குக் குடும்ப விஷயம்.

பெங்களூரின் மழை அலாதியானது. நகரம் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில், ஒரு முதுகுமேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே காய்ந்த காற்றாக வந்து சேர்கிறது. நகரத்துக்கு நிஜமான மழை மே மாதத்து இடிமழையும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாலை வேளைகளில் திடீரென்று கட்டும் மேகங்களும்தான். அதிலும் பாரபட்சம். ஜெயநகரில் வெளுத்து வாங்கும்போது ஹெப்பாளில் துணி காயும். ராடார் இல்லாமல் இந்த மேகங்களைப் பிடிக்க முடியாது. நெடுங்காலம் பெங்களூர்க்காரர்கள் சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் வைக்கப்பட்ட டாப்ளர் ராடாரின் படத்தில் மேற்கு ஓரத்தைத்தான் உற்றுப் பார்த்துவந்தார்கள்.

குளிர்காலப் புயல் வேறு ரகம். இடி இல்லை, மின்னல் இல்லை. வங்கக் கடலில் புயல் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ அருகில் வந்தால் பெங்களூர் அதன் மேற்குப் பக்கத்தில் இருக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும். தாழ்ந்த மேகம் நாள் முழுக்க மூடிக்கொண்டிருக்கும். விட்டு விட்டுத் தூறல். வெயில் ஏறாது என்பதால் பகல் வெப்பநிலை சடாரென்று விழும். ஆனால் மேகம் போர்வையாக இருப்பதால் இரவு வெப்பநிலை அவ்வளவாக இறங்காது. நகரவாசி ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு கடுங்குளிர் என்பார். ஆர்வலர் திருத்துவார்: நிஜமான குளிர், மேகமே இல்லாத ஜனவரி விடியற்காலையில் வருவது. 'சைக்ளோன் வெதர்' என்று ஊர் செல்லமாகச் சொல்லும் இந்தச் சாம்பல் நிற நாட்களுக்கு மிளகாய் பஜ்ஜிக் கடைகள்தான் முதல் நன்றி செலுத்தவேண்டும்.

ஆனால் 2024-இல் மழையைச் செல்லமாகப் பேச முடியாத நிலையில் நகரம் இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் பெங்களூரின் தண்ணீர்ப் பஞ்சம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரில் கார் கழுவினால் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏப்ரல் முழுக்க நகர வானிலை நிலையத்தில் ஒரு துளி மழை பதிவாகவில்லை. அப்போது கம்ப்யூட்டர் வரைபடத்தில் தெரிந்த ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் ஆர்வலர்களுக்குச் சொந்த வீட்டு நல்ல செய்தி. அக்டோபரில் காட்சி தலைகீழானது. எலஹங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளைப் படகில் வெளியே கொண்டுவந்தார்கள். அக்டோபர் 22 அன்று மழைக்கிடையே பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த கட்டடம் ஒன்று சரிந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். எட்டு மாத இடைவெளியில் அதே ஊர், மழை வராதா என்றும் மழை நிற்காதா என்றும் கேட்டது.

வானிலை ஆர்வலருக்கு இது சங்கடமான கேள்வியை எழுப்புகிறது. மழை வேண்டும் என்று மனசு கேட்கும்போது கணக்கு சரியாக வருமா? ஐந்து மாதிரிகளில் நான்கு புயல் ஆந்திராவுக்குப் போகும் என்றும் ஒன்று மட்டும் பெங்களூருக்கு நேரே வரும் என்றும் காட்டினால் கண் அந்த ஒன்றின் மேல்தான் போய் நிற்கும். இந்த வட்டாரத்தில் பெரிய பாவம் தப்பாகக் கணிப்பது அல்ல. ஆசையைக் கணிப்பாக விற்பது. மூத்த ஆர்வலர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே ஒரு படத்தை நம்பாதே என்பதுதான்.

அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. அமெரிக்க வானிலையியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1960-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரில் ஒரு வானிலைக் கணக்கை இரண்டாம் முறை ஓட்டினார். ஓர் எண்ணைச் சில தசம ஸ்தானங்கள் குறைத்துக் கொடுத்ததில் விடையே முற்றிலும் மாறிப்போனது. காற்றின் இன்றைய நிலையைத் துல்லியமாக அளக்க முடியாத வரையில் இரண்டு வாரத்துக்கு அப்பால் நாள்வாரியாகச் சொல்வது வீண் என்பது அதிலிருந்து பிறந்த புத்தி. அதனால்தான் ஐரோப்பிய மையம் ஒரே கணக்கைச் சிறு சிறு மாற்றங்களோடு ஐம்பது முறைக்கு மேல் போட்டுப் பார்க்கிறது. ஐம்பது கோடுகளும் ஒரே இடத்தில் கரையேறினால் நம்பலாம். கோழி கிளறிய குப்பைபோலச் சிதறினால் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் கோடுகள் சிதறித்தான் கிடந்தன. 26-ஆம் தேதி அது ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது. மறுநாளே புயலாகும் என்றார்கள். சவூதி அரேபியா கொடுத்த ஃபெங்கல் என்ற பெயர் தயாராகக் காத்திருந்தது. ஆனால் அது புயலாகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல். அந்த ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைச் சுற்றி மூன்று நாட்கள் விவாதம் ஓடியது. இனி அது புயலாகாது, தாழ்வு மண்டலமாகவே கரை ஏறும் என்ற முடிவுக்குப் பலரும் வந்த பிறகு, 29-ஆம் தேதி பிற்பகலில் அது புயலானது. வங்கக் கடலைப் பல ஆண்டுகள் பார்த்தவர்களுக்கும் ஃபெங்கல் ஒரு குறும்புக்காரப் பிள்ளையாகவே இருந்தது.

30-ஆம் தேதி சனிக்கிழமை சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. அன்றிரவு புதுச்சேரி அருகே புயல் கரை ஏறியது. பெங்களூரில் ஆர்வலர்கள் விடிய விடிய ராடார் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை ஏறிய புயல் மேற்கே நகரும். காலைக்குள் வேலூர், கிருஷ்ணகிரி தாண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை நகரத்தில் நல்ல மழை. இதுதான் எதிர்பார்ப்பு.

டிசம்பர் 1, ஞாயிறு. பெங்களூரில் சாம்பல் வானம், குளிர், தூறல். ஃபெங்கல் வந்து சேரவில்லை. அது புதுச்சேரியிலேயே நின்றுவிட்டது.

புயலை நகர்த்துவது அதன் சொந்தக் கால் அல்ல. மேலே வீசும் காற்றோட்டம். கிழக்கே தள்ளும் காற்றும் மேற்கே இழுக்கும் காற்றும் சமபலத்தில் இருந்துவிட்டால் புயல் ஆற்றுச் சுழலில் சிக்கிய பரிசலாக ஒரே இடத்தில் சுற்றும். ஃபெங்கலுக்கு அதுதான் நேர்ந்தது. கரையேறிய பிறகும் பல மணி நேரம் அது அசையவில்லை. ஒரு நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. அருகே மயிலத்தில் அரை மீட்டர்.

பெங்களூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி தெரியாத ஊர் அல்ல. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினால் சனிக்கிழமை காலை கடற்கரையில் காப்பி. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக மயிலம் தாண்டிப் புதுச்சேரி. வார விடுமுறைக்காரர்களின் காரும் பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும் கூட்டத்தின் பஸ்ஸும் ஓடும் சாலை அது. ஃபெங்கல் அந்தச் சாலையில்தான் எதிர்த்திசையில் புறப்பட்டது.

ஞாயிறு மாலை திருவண்ணாமலையில் தீபமலையின் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வீட்டின் மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அன்றிரவு மழை செங்கம் தாண்டி ஊத்தங்கரைக்கு வந்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அங்கே மழைமானி காட்டிய அளவு சுமார் 50 சென்டிமீட்டர். அந்த வட்டாரத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில். ஏரி நிரம்பி வழிந்த வெள்ளத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த சுற்றுலா வேன்களும் கார்களும் பொம்மைகளாக உருண்டு போன காட்சியை நாடே டி.வி.யில் பார்த்தது.

ஊத்தங்கரை பெங்களூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 140 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம். மேலும் சில மணி நேரம் அந்த மேகக்கூட்டம் வலுக்குறையாமல் மேற்கே நகர்ந்திருந்தால்? பெங்களூரின் சரித்திரத்தில் ஒரு நாள் மழையின் உச்சம் 18 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அக்டோபரில் அதில் ஒரு பகுதிக்கே படகு விட்ட நகரம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தவர்கள் பேச்சு இழந்தார்கள். ஆனால் பீடபூமி ஏறுவதற்குள் ஈரத்தின் பெரும்பகுதி கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட்டது. வலுவிழந்த மிச்சம் தென் கர்நாடகத்தின் மேலாக நகர்ந்து, டிசம்பர் 3-ஆம் தேதி அரபிக் கடலில் இறங்கியது.

இந்த இடத்தில்தான் ஆர்வலர்களின் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு சோதனை வருகிறது. பெங்களூர்க் கணக்கில் ஃபெங்கல் ஏமாற்றம்: பெரிய மழை எதிர்பார்த்தோம், தூறல் கிடைத்தது. நகரத்தில் பலருக்கு அது நிம்மதி: பிழைத்தோம். இரண்டு வார்த்தையுமே ஊத்தங்கரையில் போய்ச் சொல்ல முடியாதவை.

நியூயார்க்கும் இதே வகுப்பில் உட்கார்ந்ததுண்டு. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் வரலாறு காணாத பனிப்புயல் என்று அங்கே எச்சரித்தார்கள். இரண்டடிக்கு மேல் பனி என்று கணிப்பு. சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 25 சென்டிமீட்டர். நியூ ஜெர்சி, ஃபிலடெல்ஃபியா பகுதிக்குப் பொறுப்பான வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி சாட்கோவ்ஸ்கி கணிப்புத் தவறியதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் புயல் எங்கும் காணாமல் போகவில்லை. சற்றே கிழக்கே விலகி, பாஸ்டனில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருந்தது. ஓர் ஊரின் பொய்யான கணிப்பு இன்னோர் ஊரின் மெய்யான புயல்.

ஃபெங்கலின் கதை டிசம்பர் 2-ஆம் தேதியோடு முடியவில்லை. ஊத்தங்கரை வெள்ளம் பாம்பாற்றில் இறங்கியது, பாம்பாறு தென்பெண்ணையில். செங்கத்துக்கு அருகே சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்த தண்ணீரை அணையால் தாங்க முடியவில்லை. 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பார்த்தபோது வாசலில் ஆறு நின்றது. முன்னறிவிப்பு முறையாக வந்ததா இல்லையா என்று சட்டமன்றம் வரை சண்டை. வானத்திலிருந்து விழுவதைக் கணிப்பது பாதி வேலை என்பதும், விழுந்த தண்ணீர் யார் வாசலுக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று அவரை எழுப்பிச் சொல்வதுதான் மீதிப் பாதி என்பதும் அன்று மறுபடியும் தெரிந்தது.

அந்தத் தென்பெண்ணை பிறப்பது எங்கே? பெங்களூருக்கு வடக்கே, நகரவாசிகள் சூரிய உதயம் பார்க்கப் போகும் நந்தி மலையில். கன்னடத்தில் அதற்குப் பெயர் தட்சிண பினாகினி. ஹொஸகோட்டே வழியாக, நுரை கக்கும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோயிலூர், கடலூர். பெங்களூரின் கிழக்குப் பாதியில் பெய்யும் மழை எல்லாம் கடைசியில் இந்த வழியாகவே வங்கக் கடலுக்குத் திரும்புகிறது. மேலே புயல் வந்த பாதை, கீழே தண்ணீர் போகும் பாதை. இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் புதுச்சேரி சாலை.

வானத்தைப் படிப்பது யாருக்காக என்ற கேள்விக்குப் பெங்களூரில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 2025 ஜூலையில் மறைந்த சுலோசனா காட்கில் இந்திய அறிவியல் கழகத்தில் வளிமண்டல ஆய்வு வேரூன்றக் காரணமானவர். 1980-இல் டி.ஆர். சிக்காவுடன் சேர்ந்து, பருவமழையின் மேகப்பட்டை கடலிலிருந்து வடக்கு நோக்கி அலை அலையாக நகர்வதைச் சாட்டிலைட் படங்களிலிருந்து காட்டி உலகப் புகழ் பெற்றவர். அதே அம்மையார் பாவகடா, அனந்தப்பூர் பக்கத்து மானாவாரி நிலக்கடலை விவசாயிகளோடு உட்கார்ந்து, பல பத்தாண்டு மழைக் கணக்கைப் பார்த்து, எப்போது விதைத்தால் வறட்சியில் மாட்டாமல் தப்பலாம் என்று ஆராய்ந்தவர். அவருக்குப் பருவமழை என்பது சமன்பாடு மட்டும் அல்ல. கடலைச் செடி பூக்கும்போது ஈரம் இருக்குமா என்ற கேள்வியும்கூட.

எலஹங்காவில் இருக்கும் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமும் அந்த வழியில் வந்ததே. 1988-இல் வறட்சிக் கண்காணிப்புப் பிரிவாகத் தொடங்கிய இது, பிறகு கிராமப் பஞ்சாயத்துதோறும் தானியங்கி மழைமானி வைத்தது. ஆயிரக்கணக்கான அந்த மானிகள் கால் மணிக்கொரு முறை தாமே கணக்கு அனுப்பும். விவசாயிகள் போன் செய்து மழை நிலவரம் கேட்க 'வருண மித்ரா' என்ற சேவையும் உண்டு. அரசுத் துறையின் எச்சரிக்கைதான் சட்டப்படி செல்லும். ஆர்வலர்களின் பேச்சு செல்லாது. அதை ஆர்வலர்களும் மறுப்பதில்லை. ஆனால் அறிக்கையின் பாஷை பலருக்குப் புரிவதில்லை. 'ஒருசில இடங்களில் மிகக் கனமழை' என்றால் நம் தெருவா, அடுத்த தாலுகாவா? அந்த இடைவெளியில்தான் மொட்டை மாடிக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. இன்றிரவு ஆற்றோரம் வண்டியை நிறுத்தாதே, அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பு என்று தெரிந்த குரலில் சொன்னால் மனிதர்கள் கேட்கிறார்கள்.

எந்தத் தாலுகாவில் அரை மீட்டர் மழை கொட்டும் என்பதை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லும் திறன் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் வரவில்லை. பெங்களூரில் செய்யப்பட்ட இன்சாட்-3டிஎஸ் வானிலைச் சாட்டிலைட் 2024 பிப்ரவரியில் விண்ணுக்குப் போனது. படங்கள் கூடுதலாக வருகின்றன. கணக்குகள் வேகமாக ஓடுகின்றன. ஆனாலும் ஃபெங்கல் மாதிரி ஒன்று பாதி வழியில் நின்று எல்லோரையும் முட்டாளாக்கிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாணயம் இந்தத் தொழிலில் மழைமானியைவிட முக்கியமான கருவி. ஆசைப்பட்ட மழை வராவிட்டால் படத்தை மூடிவிட்டுப் போய்விடாமல், அது எங்கே போய் விழுந்தது என்று கடைசிவரை பார்ப்பது அதற்கு அடுத்தது.

பசவனகுடி நந்தியின் காலடியில் விருஷபாவதி ஆறு பிறப்பதாக ஐதீகம். அந்தத் தண்ணீர் அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. நந்தி மலையில் பிறப்பது தென்பெண்ணையாகக் கடலூருக்குப் போகிறது. இரண்டு நந்திகளின் காலடியிலிருந்தும் தண்ணீர் தமிழ்நாட்டுக்குத்தான் இறங்குகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் புல் டெம்பிள் ரோட்டில் கடலைக் குவியல்கள் எழும். அதே வாரங்களில் வங்கக் கடலில் ஏதாவது ஒன்று சுழலும். மொட்டை மாடிகளில் மழைமானிகள் கழுவித் துடைத்து வைக்கப்படும். பெங்களூருக்கு வருமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இங்கே வராவிட்டால் ஊத்தங்கரைக்கு என்ன ஆகும் என்ற இரண்டாம் கேள்வியையும் 2024-க்குப் பிறகு சிலர் சேர்த்தே கேட்பார்கள்.